காலையில் மெமோ, மதியம் மன்னிப்பு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அலுவலகக் கடிதம் எழுதுவது பற்றி நாலு வார்த்தை சொல்லும்படி உங்கள் மேலாளர் கேட்டார். முதலில் நீங்கள் எழுதியவற்றில் சிலவற்றைக் காட்டச் சொன்னேன். காட்டினார். எல்லாம் அழகாகத்தான் இருந்தன. ஒரு கடிதத்தை மட்டும் மூன்று முறை படித்தேன். விடுப்பு கேட்டவருக்கு விடுப்பு உண்டா, இல்லையா என்பது மூன்றாம் முறையும் தெரியவில்லை. சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கடிதத்தை எழுதியவர் யாராக இருந்தாலும் அவர் என் இனம். அதைவிட மோசமாக எழுதி ஒரு மனிதரின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தவள் நான்.

எண்பதுகளின் தொடக்கம். பெங்களூர் சாலையில் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம், டிராக்டர் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். தொழிலாளர் பிரிவில் ஆபீசர் ஒருவர், நான், ஒரு தமிழ் டைப்ரைட்டர், அவ்வளவுதான். தமிழிலும் இங்கிலீஷிலும் டைப்பிங் ஹையர் பாஸ் செய்திருந்தேன். என் வேகத்தைப் பற்றி எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. வேகத்தின் ரகசியம் படிக்காமல் அடிப்பது. கண் காகிதத்தில் இருக்கும், விரல் எழுத்தில் இருக்கும், மனசு ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் புடவை பார்த்துக்கொண்டிருக்கும்.

சேர்ந்த மூன்றாம் மாதமே அடி விழுந்தது. மின்வெட்டு என்பதால் ஒரு திங்கட்கிழமை விடுமுறை விட்டு, அதற்குப் பதிலாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை வைப்பதாக முடிவு. அறிவிப்பை நீயே எழுதிவிடு என்றார் ஆபீசர். ‘வரும் திங்கள் விடுமுறை. அதற்கு ஈடாக ஞாயிறு வேலை நாள்’ என்று எழுதி, ரப்பர் ஸ்டாம்பு குத்தி, சைக்கிள் ஸ்டாண்டில் ஒட்டவைத்தேன். எந்த ஞாயிறு என்று எழுதவில்லை. எனக்குத்தான் தெரியுமே. பாதிப் பேர் முந்தின ஞாயிறு வந்தார்கள், மீதிப் பேர் அடுத்த ஞாயிறு வந்தார்கள். முதல் ஞாயிறு லேத் ஓட்ட ஆள் இருந்தது, பெட்டி கட்ட ஆள் இல்லை. இரண்டாம் ஞாயிறு பெட்டி கட்டுகிறவர்கள் உட்கார்ந்து தாயம் ஆடினார்கள்.

ஆபீசர் சத்தம் போடுகிறவர் இல்லை. அறிவிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு என்னையும் சைக்கிள் ஸ்டாண்டுக்கு அழைத்துப் போனார். “பாரு, ஒரு கால் தரையில, ஒரு கால் பெடல்ல. அப்படி நின்னுதான் இதைப் படிக்கிறான். திரும்ப வந்து உன்கிட்ட சந்தேகம் கேக்கப் போறதில்ல. அவனுக்கு எழுது, எனக்கு எழுதாதே” என்றார். அன்றிலிருந்து எந்த அறிவிப்பை எழுதினாலும் சைக்கிளோடு நிற்கும் ஒருவரை மனசில் நிறுத்திக்கொள்வேன். எழுதக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தக் காலத்தில் தொழிலாளி லேட்டாக வந்தாலும், சொல்லாமல் லீவு போட்டாலும் ஒரு மெமோ போகும். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். அவர்களில் பலருக்கு எழுத வராது, எழுத வருகிறவர்களுக்கும் ஆபீசுக்கு எழுதப் பயம். யாரோ ஒருவருக்கு இரக்கப்பட்டு நான் ஒரு விளக்கம் எழுதிக்கொடுத்தேன். மன்னித்துவிட்டார்கள். என் பேனாவுக்கு ராசி என்று பேச்சுக் கிளம்பியது. அதன் பிறகு தினமும் சாப்பாட்டு நேரத்தில் என் மேஜை முன்னால் வரிசை நிற்கும். பிள்ளைப்பாக்கத்திலிருந்து வேர்க்கடலை வரும், மண்ணூரிலிருந்து வெள்ளரிக்காய் வரும்.

வேடிக்கையைக் கவனித்தீர்களா? காலையில் ஆபீசர் சொல்லச் சொல்ல மெமோவை அடிப்பதும் நான்தான். மதியம் அதே மெமோவுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதுவதும் நான்தான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்கு என்னிடம் ஓர் அச்சு இருந்தது. ‘தங்கள் மெமோ கிடைக்கப் பெற்றேன். மேற்படி சம்பவம் என் அறியாமையால் நிகழ்ந்துவிட்டது. தாங்கள் பெரிய மனதுடன் மன்னித்தருள வேண்டும். இனி இதுபோல் நடவாது என உறுதி கூறுகிறேன்.’ லீவு போட்டவராக இருந்தால் நடுவில் ஒரு வயிற்றுவலியைச் சேர்த்துக்கொள்வேன். பெயரை மாற்றினால் கடிதம் தயார். அரை மணி நேரத்தில் ஆறு பேரை அனுப்பிவிடலாம்.

ஒரு நாள் அந்த வரிசையில் சவரிமுத்து நின்றார். மண்ணூர்க்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். டிராக்டரில் மாட்டும் இரும்புப் பின்களைச் சூடேற்றும் உலையை ஓட்டுகிறவர். அந்தப் பின்கள் உலையில் சரியான சூடு ஏறி வந்தால்தான் உறுதியாக இருக்கும், அரைகுறைச் சூட்டில் எடுத்தால் உடையும். ஆறு வருஷம் தற்காலிகமாக இருந்துவிட்டு முந்தின வருஷம்தான் நிரந்தரம் ஆகியிருந்தார். நிரந்தரமான அன்று மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து ஆபீசில் எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தவர்.

“இன்னாண்ணே, நீங்களுமா?” என்றேன்.

“மெமோ குட்த்துகிறாங்கம்மா. அன்னிக்கு கரண்ட்டு பூட்ச்சா, நான் இன்னா பண்ணேன்னா…”

“சரி சரி, பின்னாடி நாலு பேர் நிக்கிறாங்க” என்று சொல்லி, அச்சில் அவர் பெயரைப் போட்டு நீட்டினேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். ஒரு காப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அவருக்குப் போன மெமோ என்ன என்று நான் யோசிக்கவே இல்லை. அதை அடித்தவளே நான்தான், ஆனாலும் தெரியாது. அது லேட்டாக வந்ததற்கான மெமோ அல்ல. டிராக்டர் கம்பெனியிலிருந்து ஒரு பெட்டி நிறைய உடைந்த பின்கள் திரும்பி வந்திருந்தன. அவை செய்த அன்று பகல் பதினொன்று முதல் பன்னிரண்டு வரை சவரிமுத்து தன் இடத்தில் இல்லை, உலையின் சூடு குறைந்துவிட்டது என்று அவருடைய சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்திருந்தார். ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று கேட்ட மெமோ அது. அதற்குத்தான் ‘என் அறியாமையால் நிகழ்ந்துவிட்டது’ என்று பதில் போயிருந்தது.

மூன்றாம் நாள் காலை ஆபீசர் இன்னொரு கடிதம் சொன்னார். குற்றத்தைத் தாமே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டுவிட்டபடியால் சவரிமுத்துவை வேலையிலிருந்து நீக்க நிர்வாகம் உத்தேசித்திருக்கிறது, மறுநாள் காலை பத்து மணிக்கு நேரில் வர வேண்டும் என்று. அதையும் அடித்தேன். ஒரு பிழைகூட இல்லை.

அன்று மதியம் அவர் வரிசையில் நிற்காமல் நேராக மேஜைக்கு வந்தார். ஒரு கையில் காலையில் போன கடிதம், ஒரு கையில் நான் எழுதிக்கொடுத்ததன் காப்பி. மடித்து மடித்துப் பிரித்ததில் காப்பி கிழியும் நிலைக்கு வந்திருந்தது. மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவர், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்.

“டைப்பிஸ்ட்டம்மா, வேல போச்சின்னு கீது இதுல. இது நீ எழ்திக் குட்த்தது. ரெண்டு நாளா படிச்சிகினு கீறேன். நல்லாத்தான் எழ்திகீறே. ஆனா நான் தப்பு பண்லன்றது எங்கம்மா கீது?”

காகிதத்தை வாங்கித் தேடினேன். நானே எழுதியதுதான், மனப்பாடமாகத் தெரிந்ததுதான், ஆனாலும் தேடினேன். அது இருந்தால்தானே கிடைக்கும்.

“ஏண்ணே, அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?”

“சொல்ல வந்தேன், நீ கையெழுத்துப் போடச் சொல்லிட்டே. படிச்ச பொண்ணு, லெட்டர்னா இப்படித்தான் இருக்கும் போலன்னு நெனச்சிகினேன்” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கத்தில். வரிசையில் நின்றவர்களை நாளைக்கு வரச்சொல்லிவிட்டு, அவரை உட்காரவைத்து என்ன நடந்தது என்று கேட்டேன். அந்தக் கேள்வியை வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கடிதத்துக்காகக் கேட்டேன்.

நடந்தது இதுதான். அன்று பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓட்டுகிறவர் லீவு. சூப்பர்வைசர் சவரிமுத்துவைக் கூப்பிட்டு, போய் ஜெனரேட்டரைப் போடு என்றார். அது ஒரு மணி நேரம் மக்கர் செய்தது. திரும்பி வந்தபோது உலை ஆறியிருந்தது. மறுபடி சூடேற இரண்டு மணி நேரம் ஆகும் என்றார் இவர். லாரி வாசலில் நிற்கிறது, அப்படியே எடு என்றார் சூப்பர்வைசர்.

“அவரு எடுன்னாருன்னு எதுலயாச்சும் எழுதியிருக்கீங்களா?”

“உலை நோட்டுல எழ்திக்கீறேனே. நீதான் அத்தை வாரா வாரம் டைப் அடிக்கிறியேம்மா.”

ஓடிப்போய் அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தேன். மணிக்கு ஒரு தரம் உலையின் சூட்டை அதில் எழுத வேண்டும். அன்றைய பக்கத்தில் எண்கள் பத்திக்குக் கீழே, ஓரத்தில், பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்: ‘சூடு ஏரல. சூப்ரைசர் கிட்ட சொன்னேன். எடு ன்னார்.’ வாராந்திர அறிக்கைக்காக அந்தப் பக்கத்தை நான் அடித்திருக்கிறேன். அறிக்கைப் படிவத்தில் எண்களுக்குத்தான் கட்டம் உண்டு, இப்படிப்பட்ட வரிகளுக்கு இல்லை. எண்களை மட்டும் அடித்துவிட்டு நோட்டை மூடிவைத்திருக்கிறேன். பின்கள் உடைந்து திரும்பி வருவதற்கு முன்பே அந்த வரி என் கண் முன்னால் இருந்திருக்கிறது.

நேராக ஆபீசர் அறைக்குப் போனேன். தொழிலாளர்களுக்கு விளக்கம் எழுதிக்கொடுப்பதே நான்தான் என்று சொன்னால் என் வேலையும் போகலாம். போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஆறு மாசமா இந்த ஃபேக்டரியில எல்லாருக்கும் ஒரே வயித்துவலி. அது யார் குடுத்த வயித்துவலின்னு எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சுமா சார் விட்டீங்க?”

“நான் எங்கே அதையெல்லாம் படிச்சேன்? மன்னிப்பு இருக்கான்னு கடைசி வரியைப் பாப்பேன். இருந்தா ஃபைல்ல போட்டுடுவேன்.” சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “நீ படிக்காம எழுதியிருக்கே, நான் படிக்காம முடிவு பண்ணியிருக்கேன். நடுவுல அந்த ஆள் ஒருத்தர்தான் படிச்சிருக்கார்.”

பிறகு சொன்னார், மறுநாள் பத்து மணிக்குள் இன்னொரு கடிதம் வர வேண்டும், ஒரு பக்கம்தான், நடந்தது மட்டும்தான். பதினொன்றே முக்காலுக்கு ஒரு ஆள் எங்கே இருந்தான் என்று அதைப் படித்தால் தெரிய வேண்டும்.

மாலை நாலு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் நானும் சவரிமுத்துவும் ஜெனரேட்டர் அறைக்குப் போனோம். சுவரில் நூல் கட்டித் தொங்கும் நோட்டில், போட்ட நேரமும் கையெழுத்தும் இருந்தன: ‘11.10 ஆரம்பம். 12.05 ஓடியது. சவரிமுத்து.’ டீசல் கறையோடு அவ்வளவு அழகான கையெழுத்தை நான் பார்த்ததில்லை.

கேன்டீனில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினோம். என் கை சும்மா இருக்குமா? ‘எதிர்பாராத விதமாக மின்சாரம் தடைப்பட்ட காரணத்தினால்’ என்று ஆரம்பித்தேன்.

“கரண்ட்டு போச்சி, அவ்ளோதாம்மா” என்றார்.

“லெட்டர்னா கொஞ்சம் மரியாதையா இருக்கணும்ணே.”

“நீ எழ்திகினே போனா நாளிக்கி அவரு எதுனா கேட்டா நான் இன்னா பதில் சொல்றது? எனக்குத் தெரிஞ்சதா எழ்து.”

அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, ‘பதினொரு மணிக்குக் கரண்ட் போனது’ என்று எழுதினேன். சூப்பர்வைசர் பெயர் வந்த இடத்தில் அவர் என் கையைத் தடுத்தார்.

“அவரு பேரு வாணாம்மா. மூணு பொட்டப் புள்ளைங்க அவருக்கு. அவருக்கு எதுனா ஆச்சின்னா?”

இரண்டு டீ ஆறிப்போனது. கடைசியில், “அவர் பொய் சொன்னார்னு எழுத வேணாம், அது நமக்குத் தெரியாது. ஏன் அப்படிச் சொன்னார்னும் எழுத வேணாம். அவர் ‘எடு’ன்னு சொன்னார், அது உங்க காதுல விழுந்துச்சு. அதை மட்டும் எழுதுவோம்” என்றேன். யோசித்துத் தலையாட்டினார். கேட்டதை எழுதலாம், அடுத்தவர் மனசில் இருந்ததை எழுதக் கூடாது. இந்த விதியை அந்த மேஜையில்தான் கண்டுபிடித்தேன், இதுவரை என்னை அது கைவிட்டதில்லை.

எழுதி முடித்தபோது ஒன்பது வரி. கரண்ட் போன நேரம், ஜெனரேட்டரைப் போடச் சொன்னது யார், ஓடிய நேரம், எந்த நோட்டில் எந்தப் பக்கம், உலை ஆறியிருந்ததைச் சொன்னது, எடுக்கச் சொன்னது. முந்தின கடிதத்தில் கேட்ட மன்னிப்பு, என்ன நடந்தது என்று கேட்காமல் எழுதப்பட்டது, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று கடைசி வரி. அவரை ஒரு முறை படித்துக் காட்டச் சொன்னேன். விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, கால் மணி நேரம் படித்தார். நான் எழுதியதை ஒருவர் முழுதாகப் படிக்க நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் பத்து மணிக்கு ஆபீசர் அந்த ஒன்பது வரியையும் இரண்டு முறை, வாய்விட்டுப் படித்தார். இரண்டு நோட்டுகளையும் பார்த்தார். சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் காகிதத்தை அவரிடம் கொடுத்தார். மனுஷர் முகம் சுருங்கிவிட்டது.

“அவன் எடத்துல இல்லன்னுதானே எழுதினேன். பொய் ஒண்ணும் எழுதலையே சார்.”

“பொய் எழுதல. போகச் சொன்னது நீங்கன்றதையும் எழுதல.”

சூப்பர்வைசர் காகிதத்தை மேஜையில் வைத்தார். பிறகு, “லாரி நிக்குதேன்னு பயந்துட்டேன் சார். எடுக்கச் சொன்னது நான்தான்” என்றார். அவர் வேலை போகவில்லை, எச்சரிக்கையோடு தப்பித்தார். சவரிமுத்து வெளியே வந்து முதலில் கேட்டதே அதைத்தான்.

மெமோவை ரத்து செய்யும் கடிதத்தை உடனே அடிக்கச் சொன்னார் ஆபீசர். அதற்கும் பழைய அச்சு ஒன்று ஃபைலில் இருந்தது. டைப்ரைட்டரில் காகிதத்தைச் செருகி, சந்தோஷத்தில் பறந்துகொண்டே அடித்தேன். ‘உமது விளக்கத்தை நிர்வாகம் பரிசீலித்தது. இம்முறை உம்மை மன்னித்து, மேற்படி மெமோ…’

விரல் நின்றது. அந்த வேலையில் சேர்ந்த பிறகு என் விரல் பாதி வரியில் நின்றது அதுவே முதல் தடவை. காகிதத்தை உருவி எடுத்துக்கொண்டு ஆபீசர் அறைக்குப் போனேன்.

“சார், இதுல அவர் தப்பு பண்ணலன்றது எங்க இருக்கு?”

அவர் வாங்கிப் பார்த்தார். கடைசி வரியை அல்ல, முதல் வரியிலிருந்து பார்த்தார். பிறகு கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, “உக்காரு. புதுசா எழுதுவோம்” என்றார்.

நாலே வரிதான் வந்தது. நானே உலைப் பக்கம் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். சவரிமுத்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். முதல் வரியைப் படித்தார், இரண்டாவதைப் படித்தார். மூன்றாவது வரியில் விரல் நின்றது. ‘சவரிமுத்து எந்தத் தவறும் செய்யவில்லை.’ அதை இரண்டு தரம் படித்தார். பிறகு அந்த இடத்திலேயே விரலை வைத்து, காகிதத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“இங்க கீதும்மா” என்றார்.